இரண்டாவது ஆல்பத்தில் சவுண்டை மாற்றினால் நாங்கள் நாங்களாகவே இருப்போமா?

நீங்கள் கேட்டிருப்பதை ஒருமுறை திருப்பிச் சொல்லிப் பார்க்கிறேன். திருநெல்வேலியில் நான்கு பேர் சேர்ந்து ஒரு மெட்டல் பேண்ட் நடத்துகிறீர்கள். முதல் ஆல்பம் முழுக்க ஆங்கில வரிகள், உறுமலாகப் பாடும் க்ரௌல் குரல், கடைசிக் கம்பியை சி வரை இறக்கிக் கட்டும் டிராப் சி டியூனிங், இரண்டு காலாலும் ஓயாமல் அடிக்கும் டபுள் பேஸ் டிரம். இரண்டாவது ஆல்பத்தில் பாடகர் தமிழில் திறந்த குரலில் பாட ஆசைப்படுகிறார். டிரம்மர் மகுடம் என்ற நம்மூர்த் தோல் வாத்தியத்தைச் சேர்க்கலாம் என்கிறார். உங்கள் கல்லூரி நிகழ்ச்சிகளுக்கு முன்வரிசையில் நின்ற நண்பர்களோ "விலை போயிட்டீங்க" என்கிறார்கள். எவ்வளவு மாற்றினால் கேட்கிறவர்கள் போகாமல் இருப்பார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் கேள்வியை எழுதியிருக்கும் விதத்தைப் பார்த்தால், உங்களை உறுத்துவது வேறு என்று தோன்றுகிறது. இந்த மாற்றம் உங்களுக்குள்ளிருந்து வருகிறதா, இல்லை வேறு யாரையோ கேட்டுக் கேட்டு ஒட்டிக்கொண்டதா, அதை எப்படித் தெரிந்துகொள்வது என்பதுதான் அது. யார் இருப்பார்கள், யார் போவார்கள் என்று எவராலும் கணித்துச் சொல்ல முடியாது. இரண்டாவது விஷயத்துக்கு என்னால் ஓரளவு உருப்படியாகப் பதில் சொல்ல முடியும்.

பாளையங்கோட்டையில் ஒரு சின்ன ஒலிப்பதிவுக் கூடம் வைத்திருக்கிறேன். வில்லுப்பாட்டு, சர்ச் பாடகர் குழு, நையாண்டி மேளம், அவ்வப்போது உங்களைப் போன்ற இளைஞர்களின் ராக், மெட்டல் என்று வருவதையெல்லாம் பதிவு செய்கிறேன். அதற்கு முன் பல வருஷம் கிட்டார் வாசித்தவன். மெட்டல் எனக்கு விடலைப் பருவத்து மோகமாக வந்து போனதல்ல, இன்றைக்கும் ராத்திரி வேலை முடிந்ததும் அதைத்தான் கேட்கிறேன். அதனால் கீழே சொல்வதில் வேலை அனுபவமும் இருக்கும், ரசிகனின் பிடிவாதமும் இருக்கும். எது எது என்று பிரித்தே சொல்கிறேன்.

முதலில் என் வேலையிலிருந்து எனக்கு உறுதியாகப்பட்டது. ஒரு பேண்டை நாம் இருட்டில் கேட்டாலும் இன்னார் என்று கண்டுபிடிப்பதற்குக் காரணம் பெரும்பாலும் கிட்டாரிஸ்டின் வலது கையும் டிரம்மரின் காலும்தான். ரிஃப்பில், அதாவது திரும்பத் திரும்ப வரும் கிட்டார் துணுக்கில், எந்த அடியை அழுத்துகிறார், உள்ளங்கையால் கம்பியை எவ்வளவு நேரம் அமுக்கி வைத்து எப்போது விடுகிறார், காலால் அடிக்கும் கிக் டிரம் அந்த அடியோடு ஒட்டி விழுகிறதா, ஒரு மயிரிழை பிந்தி விழுகிறதா என்பதில் ஆள் அடையாளம் இருக்கிறது. இது வருஷக்கணக்கில் சேர்ந்து வாசித்ததில் படிவது, ஒரே நாளில் மாற்றவும் முடியாது. குரல், டியூனிங், கிட்டாரின் கரகரப்பான டிஸ்டார்ஷன், டிரம் சத்தம் எல்லாம் எளிதில் மாறக்கூடியவை. கேட்கிறவர் காதில் முதலில் விழுவதும் அவைதான். அதனால்தான் "எல்லாத்தையும் மாத்திட்டாங்க" என்ற கூச்சல் கிளம்புகிறது.

அமெரிக்க மெட்டல் பேண்டான மெட்டாலிக்காவையே எடுத்துக்கொள்ளுங்கள். 1988-இல் வந்த 'அண்ட் ஜஸ்டிஸ் ஃபார் ஆல்' நீளமான, சிக்கலான பாடல்களால் ஆனது. தலைப்புப் பாட்டு மட்டும் ஏறத்தாழ 10 நிமிஷம். பேஸ் கிட்டார் இருக்கிறதா என்றே சந்தேகம் வரும் அளவுக்கு மிக்சிங்கில் அமுக்கப்பட்ட ஆல்பம் அது. மூன்று வருஷம் கழித்து, 1991-இல், பாப் ராக்கைத் தயாரிப்பாளராக வைத்துக்கொண்டு கறுப்பு அட்டை ஆல்பத்தைப் போட்டார்கள். பாட்டுகள் சுருங்கின, வேகம் குறைந்தது, பேஸ் மேலே வந்தது. ஆளாளுக்குத் தனித்தனியாகப் பதிவு செய்துகொண்டிருந்தவர்களை அவர் ஸ்டூடியோவில் ஒன்றாக உட்கார வைத்து வாசிக்கச் செய்தார். பழைய ரசிகர்கள் துரோகம் என்றார்கள். அமெரிக்காவில் மட்டும் ஒன்றரைக் கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றது. விற்பனையை விடுங்கள். அந்த ஆல்பத்தில் எந்த ரிஃப்பை வேண்டுமானாலும் எடுத்து, கிட்டாரிஸ்ட் ஜேம்ஸ் ஹெட்ஃபீல்டின் வலது கையை மட்டும் கவனியுங்கள். மேலிருந்து கீழாகவே அடிக்கும் அந்த அடி, 1986-இல் 'மாஸ்டர் ஆஃப் பப்பெட்ஸ்' ஆல்பத்தில் கேட்ட அதே அடிதான். அடி அப்படியே இருக்க, சுற்றியிருந்தவை மாறின.

ஸ்வீடன் பேண்டான ஓபெத்தின் கதை உங்களுக்கு இன்னும் நெருக்கமானது, ஏனென்றால் அங்கே போனது க்ரௌல். 2008-இன் 'வாட்டர்ஷெட்' வரைக்கும் பாடகர் மிக்கேல் ஆக்கர்ஃபெல்ட்டின் அந்த ஆழமான குரலுக்காகவே பலர் அவர்களைக் கேட்டோம். 2011-இல் 'ஹெரிட்டேஜ்' வந்தபோது அது சுத்தமாக இல்லை. எழுபதுகளின் ராக் போல மெலிந்த, காற்றோட்டமான ஒலி. அந்த ஆல்பத்துக்காக அவர் முதலில் பழைய பாணியில் இரண்டு பாட்டு எழுதினார். பேஸ் வாசிக்கும் மார்ட்டின் மெந்தெஸ் அவற்றைக் கேட்டுவிட்டு, இதே வழியில் போனால் தனக்கு ஏமாற்றமாக இருக்கும் என்று சொல்லியிருக்கிறார். ஆக்கர்ஃபெல்ட்டுக்கு அது நிம்மதியாகவே இருந்ததாம். இரண்டையும் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாகத் தொடங்கினார். இதை நான் முக்கியமாகச் சொல்லக் காரணம், மாற்றத்தை முதலில் வாய்விட்டுச் சொன்னது பக்கத்தில் நின்று வாசிக்கும் ஆள் என்பதுதான். அப்புறம் 2024-இல் வந்த ஆல்பத்தில் அதே க்ரௌல் திரும்ப வந்தது. இடையில் ஒரு தலைமுறை ரசிகர்களே மாறிவிட்டார்கள். போனது திரும்பி வரலாம் என்பதற்கு அது ஒரு சாட்சி. இங்கிலாந்தின் பாரடைஸ் லாஸ்ட் பேண்டும் அப்படித்தான். 1999-இல் 'ஹோஸ்ட்' ஆல்பத்தில் மின்னணு இசைப் பக்கம் போய்விட்டு, 2015-இல் கனத்த குரலோடு திரும்பினார்கள்.

கெட்டுப்போனதற்கும் உதாரணம் வேண்டுமே. ஸ்விட்சர்லாந்தின் செல்ட்டிக் ஃப்ராஸ்ட் பேண்ட் 1988-இல் 'கோல்ட் லேக்' என்று ஒன்று போட்டார்கள். அன்றைக்கு அமெரிக்காவில் எடுபட்ட பளபளப்பான கிளாம் பாணி, அதற்கேற்ற முடி அலங்காரம். பேண்டின் தலைவரே பிற்காலத்தில் அந்த ஆல்பத்தைக் கைகழுவினார். பழைய ஆல்பங்களை மறுபடி வெளியிட்டபோது அதை மட்டும் சேர்க்கவில்லை. அதைக் கேட்கும்போது எனக்கு உறுத்துவது பாணி மாறியது அல்ல, அந்தக் கை இல்லாதது. முந்தைய ஆல்பங்களில் இருந்த, மெதுவாக இறங்கி நசுக்கும் ரிஃப் காணாமல் போய், யாரும் வாசித்திருக்கக்கூடிய ரிஃப் அந்த இடத்துக்கு வந்துவிட்டது. இது என் காது சொல்வது, வேறு மாதிரிக் கேட்பவர்களும் உண்டு.

அதனால் உங்களுக்கு நான் சொல்லும் சோதனை எளிமையானது. புதுப் பாட்டு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஆம்ப் வேண்டாம், டிரம் செட் வேண்டாம். சாதாரண மரக் கிட்டார் ஒன்று, டிரம்மர் மேஜையில் விரலால் தட்டட்டும், பாடகர் வாய்க்குள் முனகட்டும். போனில் பதிவு செய்து இரண்டு நாள் கழித்துக் கேளுங்கள். முதல் ஆல்பத்திலிருந்து ஒரு பாட்டையும் அதே மாதிரி வாசித்துப் பக்கத்தில் வையுங்கள். இரண்டும் ஒரே வீட்டுப் பிள்ளைகள் மாதிரித் தெரிந்தால் கவலையை விடுங்கள், மேலே எதைச் சேர்த்தாலும் எதை எடுத்தாலும் அது உங்கள் பாட்டுதான். புதுப் பாட்டைக் கேட்டதும் வேறொரு பேண்டின் பெயர் உங்கள் வாயில் வந்தால், அந்தப் பாட்டை மறுபடி எழுதுங்கள்.

சரி, குரலுக்கு வருவோம். இரண்டாவது ஆல்பங்களில் பெரும்பாலும் சறுக்குவது இங்கேதான், ஆனால் யாரும் இதைக் காரணமாகச் சொல்வதில்லை. முதல் ஆல்பத்தில் பாட்டின் சுருதியைத் தீர்மானித்தது உங்கள் கிட்டாரின் கடைசிக் கம்பி. டிராப் சி என்றால் எல்லா ரிஃப்பும் சி-யில் வந்து உட்காரும். க்ரௌலுக்குச் சுருதி பெரிய பிரச்சினை இல்லை, தாளம்தான் முக்கியம். திறந்த குரலில் பாடத் தொடங்கியதும் சுருதியைத் தீர்மானிக்க வேண்டியது பாடகரின் தொண்டை. அவர் எந்த இடத்தில் நின்று முழு மூச்சோடு பாடுகிறார் என்று பார்த்து, அதற்கு ஏற்றபடி ரிஃப்பை நகர்த்த வேண்டும். டிராப் டி-யோ, இ-யோ, எதுவாக இருந்தாலும் சரி. கம்பி மேலே ஏறினால் கனம் குறைந்துவிடும் என்று கிட்டாரிஸ்ட் பயப்படுவார். மெட்டலுக்கே தகப்பன் என்று சொல்லத்தக்க டோனி அயோமி, பர்மிங்காமில் தகடு வெட்டும் ஆலையில் 17 வயதில் விரல் நுனிகளை இழந்தவர். காயம்பட்ட விரலுக்குக் கம்பி இளகலாக இருக்கட்டும் என்பதும் அவர் டியூனிங்கை இறக்கியதற்கு ஒரு காரணம். அவருடைய பேண்டான பிளாக் சாபத்தில் 1971-இல் அப்படி இறக்கி வாசித்தார்கள். அதற்கு முந்தைய ஆல்பங்களில் இறக்காமல் வாசித்த பாட்டுகளும் கனமாகத்தான் இருக்கின்றன. டியூனிங் மாற்றினால் ஒன்றை மறக்காதீர்கள். டிராப் சி-க்குப் போட்ட தடித்த கம்பியை அப்படியே இ-க்கு முறுக்கினால் கிட்டாரின் கழுத்து வளையும். கம்பி மாற்றி, கழுத்தைச் சரிசெய்து, பிரிட்ஜில் ஒவ்வொரு கம்பியின் நீளத்தையும் திருத்திய பிறகுதான் ஸ்டூடியோவுக்கு வர வேண்டும். அதைச் செய்யாமல் வந்தவர்களின் கிட்டார், மேல் கட்டைகளில் சுருதி பிசகி, பாடகரின் குரலையே தப்பாகக் காட்டும்.

அடுத்தது டிஸ்டார்ஷன். மனிதக் குரலின் சொற்கள் தெளிவாகக் கேட்கும் பகுதியும் டிஸ்டார்ஷன் கிட்டார் அடைத்துக்கொள்ளும் பகுதியும் ஏறத்தாழ ஒன்றே, 1000-த்திலிருந்து 4000 ஹெர்ட்ஸ் வரை. க்ரௌல் அந்தச் சத்தத்துக்குள் கலந்துவிடும், கலப்பதுதான் அதன் அழகும். திறந்த குரல் அங்கே மூழ்கிப் போகும். அப்போது எல்லோரும் செய்வது குரலைத் தூக்குவது. உடனே பாட்டு மெலிந்து, சினிமாப் பாட்டுக்குப் பின்னால் கிட்டார் வைத்த மாதிரி ஆகிவிடும், நண்பர்கள் "விலை போயிட்டீங்க" என்பதும் இந்த ஒலியைத்தான். குரலைத் தூக்காமல் கிட்டாரின் கெயினை, அதாவது டிஸ்டார்ஷனின் அளவை, குறையுங்கள். ஒத்திகையில் வைப்பதைவிட நன்றாகவே குறைத்து, இடப்பக்கம் ஒருமுறை, வலப்பக்கம் ஒருமுறை தனித்தனியாக வாசித்துப் பதியுங்கள். கெயின் குறைந்தால் அடி தெரியும், அடி தெரிந்தால் கனம் தானாக வரும். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

தமிழில் பாடுவது பற்றி ஒரே ஒரு விஷயம். க்ரௌலில் குறிலும் நெடிலும் ஒன்றாகிவிடும், யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். திறந்த குரலில் ஒரு குறிலை நீட்டிவிட்டால் 'கல்' 'கால்' ஆகிவிடும். நீண்ட சுரம் வரும் இடத்தில் நெடிலை வைத்து எழுதுங்கள். உங்கள் ரிஃப் விட்டுவிட்டு அடிக்கும் இடத்தில் ட்ட, க்க, ற்ற என்று வல்லினம் இரட்டிக்கும் சொற்களை வையுங்கள். இங்கே வில்லுப்பாட்டுப் புலவர்கள் வேகமாகப் பாடும் இடங்களை ஒரு கோயில் கொடை விழாவில் போய் உட்கார்ந்து கவனித்தால் போதும், வீசுகோல் வில்லில் விழுவதும் வல்லினம் வாயில் விழுவதும் ஒன்றாக இருக்கும்.

க்ரௌல் பாடிப்பாடிப் பாடகரின் தொண்டை கெட்டுவிட்டது, அதனால்தான் மாற்றுகிறார் என்று யாரோ சொன்னதாக எழுதியிருந்தீர்கள். முறையாகப் பாடுகிறவர்கள் குரல் நாண்களுக்கு மேலே இருக்கும் மடிப்புகளை அதிர வைத்து அந்த ஒலியை எடுக்கிறார்கள், வலிக்க வலிக்கக் கத்துவதில்லை. பாடும்போது வலி இருந்தாலோ, மறுநாளும் குரல் கம்மியிருந்தாலோ காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டச் சொல்லுங்கள். அதற்கு மேல் என் வேலையிலிருந்து சொல்ல எதுவும் இல்லை.

மகுடம் பற்றித்தான் நான் அதிகம் சொல்ல விரும்புகிறேன். உங்கள் டிரம்மரின் யோசனை எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது, அதே சமயம் அதுதான் எளிதில் கெட்டுப்போகக்கூடியதும். பிரேசிலின் செபுல்டுரா பேண்ட் 1996-இல் 'ரூட்ஸ்' ஆல்பத்துக்காக அந்நாட்டின் ஷவாண்டே பழங்குடி மக்களின் கிராமத்துக்கே போய், அவர்களோடு உட்கார்ந்து பதிவு செய்தார்கள். அந்நாட்டுத் தாளவாத்தியக் கலைஞர் கார்லின்யோஸ் பிரவுனையும் சேர்த்துக்கொண்டார்கள். நம் நாட்டில் டெல்லியின் பிளட்டிவுட் 2022-இல் 'ரக்ஷக்' ஆல்பத்தில் டோலையும் புல்லாங்குழலையும் ரிஃப்புக்குச் சமமாக நிறுத்தினார்கள். இரண்டிலும் அந்தக் கருவிகளை எடுத்துவிட்டால் பாட்டு நிற்காது. உங்கள் பாட்டிலும் மகுடத்தை எடுத்தால் பாட்டு விழ வேண்டும். தொடக்கத்தில் எட்டு அடி மகுடம், பிறகு வழக்கமான மெட்டல் என்றால் அது தேவையில்லை.

ஒருமுறை என் கூடத்தில் மகுடம் பதிவு செய்தபோது பார்த்ததைச் சொல்கிறேன். வாசிக்க வந்த பெரியவர் உள்ளே வந்ததும் ஏசியை நிறுத்தச் சொன்னார். மகுடத்தை எடுத்துக்கொண்டு வெளியே முற்றத்துக்குப் போய், காய்ந்த ஓலையைக் கொளுத்தி, தோலைத் தீக்கு நேராகக் காட்டி மெதுவாகச் சுற்றினார். நடுவே நடுவே விரல் நுனியால் விளிம்பில் ஒரு தட்டு, காதருகே வைத்து ஒரு கேட்பு. மந்தமாக இருந்த சத்தம் ஏறி ஏறி, ஒரு இடத்தில் மணி மாதிரித் தெறித்தது. "இப்ப வாங்க தம்பி, சீக்கிரம்" என்று உள்ளே ஓடி வந்தார். தோல் குளிர்ந்ததும் சுருதி இறங்கிவிடும், மழைக்காலம் என்றால் இன்னும் வேகமாக இறங்கும். அன்றைக்கு ஒவ்வொரு டேக்குக்கும் முன்னால் முற்றத்தில் தீ எரிந்தது. இதை முன்கூட்டியே திட்டத்தில் வையுங்கள். ஒரு நாளில் முடிகிற வேலை என்று நினைக்காதீர்கள். கம்ப்யூட்டரில் சுருதியைத் திருத்திக்கொள்ளலாம் என்றும் எண்ண வேண்டாம். தோலின் உயிரே அந்த ஏற்ற இறக்கத்தில்தான் இருக்கிறது.

மகுடம் வழக்கமாக இரண்டு பேர் வாசிப்பது, ஒன்று கனத்த ஒலி, மற்றது கூர்மையான ஒலி. இரண்டும் ஒன்றுக்கொன்று பதில் சொல்லும். ஒரே ஆளை இரண்டு முறை வாசிக்க வைத்து ஒட்டினால் அந்தப் பேச்சு வராது, இரண்டு பேரையும் கூப்பிடுங்கள். தாளம் காட்டும் க்ளிக் சத்தத்தை அவர்கள் காதில் போட்டுக் கட்டாதீர்கள். அவர்களை முதலில் வாசிக்க விட்டு, அந்த ஓட்டத்துக்கு ஏற்றபடி டெம்போவை அமைத்து, அதன்மேல் டிரம்மும் கிட்டாரும் வாசியுங்கள். க்ளிக்கிலேயே பழகிய டிரம்மருக்கு முதலில் கஷ்டமாக இருக்கும். பழகிவிட்டால் அவருடைய கால் இதுவரை வாசிக்காத ஒன்றை வாசிக்கும். அப்புறம், மகுடம் வெறும் கருவியல்ல. கணியான் சமூகத்தார் சுடலைமாடன் கொடையில் தலைமுறையாக வாசித்து வருவது. சில அடிகள் சாமி வரும் நேரத்துக்கு மட்டும் உரியவை. எதைப் பாட்டில் வைக்கலாம், எதை வைக்கக்கூடாது என்று அவர்களிடமே கேளுங்கள், கூடாது என்றால் விட்டுவிடுங்கள். ஒப்புக்கொண்ட தொகையை வாசிப்பு முடிந்ததும் கையில் கொடுங்கள். ஆல்பத்தில் கிட்டாரிஸ்டின் பெயர் வரும் அதே அளவு எழுத்தில் அவர்கள் பெயரும் வரட்டும்.

நண்பர்கள் சொல்வதற்கு வருகிறேன். உங்களுக்குப் பின்னால் கம்பெனியும் இல்லை, ஒப்பந்தமும் இல்லை, அதனால் விலை போனீர்கள் என்ற பேச்சை மனதில் போட்டுக்கொள்ள வேண்டாம். ஆனால் அவர்கள் மேல் கோபப்படவும் வேண்டாம். மேடை முன்னால் நின்று கழுத்து வலிக்கத் தலையாட்டிய பிள்ளைகள் அவர்கள். தங்களுக்குப் பிரியமான ஒன்று கைவிட்டுப் போகிறதே என்ற பயத்தில் பேசுகிறார்கள். ஓபெத் க்ரௌலை விட்டபோது நானும் அந்தப் பயத்தில்தான் இருந்தேன். அடுத்த நிகழ்ச்சியில் புதுப் பாட்டுகளை மொத்தமாக ஒரே மூச்சில் வாசிக்காமல், பழைய பாட்டு இரண்டுக்கு நடுவில் ஒன்று என்று வையுங்கள். பழைய பாட்டுகளைப் பழைய குரலிலேயே பாடுங்கள். பாடகருக்கு இரண்டு குரலிலும் விருப்பம் இருந்தால் ஆல்பத்திலும் இரண்டையும் வைக்கலாம். ஸ்கைஹார்பர் என்ற இந்திய பேண்ட் 2012-இல் தங்கள் முதல் ஆல்பத்தை இரண்டு வட்டாக்கி, ஒன்றில் திறந்த குரல், மற்றதில் க்ரௌல் என்று இரண்டு பாடகர்களைப் பாட வைத்தார்கள். நீங்கள் அப்படிப் பிரிக்க வேண்டியதில்லை, ஒரே பாட்டுக்குள்ளேயே இரண்டும் இருக்கலாம்.

கடைசியாக மாஸ்டரிங், அதாவது வெளியிடும் முன் ஆல்பத்தின் ஒலியை இறுதியாகச் சீராக்கும் வேலை. புது ஆல்பம் பழையதைவிட மெலிந்து தெரியக்கூடாது என்ற பதற்றத்தில் ஒலியளவை ஏற்றிக்கொண்டே போகாதீர்கள். மெட்டாலிக்காவின் 'டெத் மேக்னெட்டிக்' 2008-இல் வந்தபோது குறுந்தட்டில் ஒலி அவ்வளவு நசுக்கப்பட்டிருந்தது. அதே பாட்டுகள் கிட்டார் ஹீரோ வீடியோ விளையாட்டில் இன்னும் திறந்த ஒலியோடு கிடைக்கவே, ரசிகர்கள் அதைத் தேடிப் பிடித்துக் கேட்டார்கள். இன்றைக்கு ஸ்பாட்டிஃபையும் யூட்யூபும் அதிக சத்தமான பாட்டுகளை ஏறத்தாழ ஒரே ஒலியளவுக்கு, மைனஸ் 14 LUFS (ஒலியளவின் அலகு) அளவில், கொண்டுவந்துவிடுகின்றன. நீங்கள் ஏற்றியதை அவர்கள் இறக்கிவிடுவார்கள், நசுங்கியது மட்டும் நசுங்கியபடியே இருக்கும். நசுக்கினால் முதலில் சாவது மகுடத்தின் தெறிப்புதான். மிக்ஸ் செய்கிறவரிடம் மாஸ்டர் டிராக்கில் ஒலியின் உச்சங்களை நசுக்கும் லிமிட்டர் எதுவும் போடாமல், உச்சத்தில் ஐந்தாறு டெசிபல் இடம் விட்டுக் கோப்பைக் கேட்டு வாங்குங்கள். மாஸ்டரிங் முடிந்து வந்ததும் பழைய ஆல்பத்தையும் புதியதையும் ஒரே ஒலியளவுக்குச் சமப்படுத்தி, நல்ல ஹெட்போனில் ஒருமுறை, போன் ஸ்பீக்கரில் ஒருமுறை கேட்டுப் பாருங்கள். போனில் கிக்கும் பேஸும் அடிப்பகுதி இல்லாமல்தான் கேட்கும், அதற்காக மறுபடி மிக்ஸைக் கலைக்க வேண்டாம். ரிஃப்பின் அடியும் வரிகளும் போனில் புரிந்தால் வெளியிட்டுவிடலாம்.